எதைக் காக்கிறது இந்தப் பூட்டு?

1996ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 2.0, ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் கொண்ட கணினிகளிலும் இயங்கத் தொடங்கியது. அதற்காக அதன் கெர்னலுக்குள் ஒரு பெரும்பூட்டு வைக்கப்பட்டது. பிக் கெர்னல் லாக் என்பது அதன் பெயர். எத்தனை செயலிகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் உள்ளே நுழையலாம். மற்றவை வாசலில் காத்து நிற்கும். அன்று அது குறையன்று. ஒற்றைச் செயலியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நிரல் அனைத்தையும் ஒரே நாளில் திருத்த எவராலும் இயலாது. ஆனால் 2011 மே மாதம் 2.6.39 வெளிவரும் வரை அந்தப் பூட்டு அங்கேயே இருந்தது. நீக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லாத ஒன்றை நீக்குவதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

பழைய நிரலை நீக்குவதைத் துப்புரவுப் பணியாகக் கருதும் வழக்கம் மென்பொருள் உலகில் வேரூன்றியிருக்கிறது. புதியது எழுதுபவருக்குப் பெயர். நீக்குபவருக்கு ஒரு தலையசைப்பு. இவ்வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்குக் காணொளி இயக்கிகளின் கதையே போதிய சான்று.

பெரும்பூட்டுக்கு ஒரு விசித்திரக் குணம் இருந்தது. அதைக் கையில் வைத்திருக்கும் செயல் உறங்கப்போனால் பூட்டு தானாகவே திறந்துகொள்ளும். விழித்ததும் தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும். வெப்கேமராவிடம் அடுத்த படத்தைக் கேட்கும் ஒரு செயலியை எண்ணிப் பார்க்கலாம். படம் வந்து சேரும்வரை அது இயக்கிக்குள் உறங்குகிறது. பூட்டு திறந்தே இருப்பதால், அந்த இடைவெளியில் இன்னொரு கட்டளை உள்ளே சென்று வெளிச்சத்தைக் கூட்டலாம், படப்பிடிப்பை நிறுத்தலாம். இந்த வசதியை எவரும் திட்டமிட்டு எழுதவில்லை; இயக்கியின் எந்த வரியிலும் அது தென்படாது. பெரும்பூட்டை எடுத்துவிட்டு அவ்விடத்தில் சாதாரண மியூடெக்ஸ் ஒன்றை வைத்தால், படத்துக்காகக் காத்திருக்கும் செயல் பூட்டைப் பிடித்தபடியே உறங்கிவிடும். படம் வராமலே போனால் நிறுத்து என்ற கட்டளையும் வெளியே நின்றுவிடும். நீக்கியவர் செய்தது ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் இட்டது மட்டுமே. முடங்கிப்போவதோ எங்கோ ஒருவரின் காணொளி அழைப்பு.

தமிழ் இலக்கணத்தில் சாரியை என்றொன்று உண்டு. 'மரத்தை' என்பதில் நடுவே வரும் 'அத்து' தனியே எப்பொருளையும் தருவதில்லை. பொருளில்லை என்று நீக்கிப் பார்த்தால் சொல் நிற்பதில்லை. பழைய பூட்டுகளில் பல இத்தகையவை.

எனவே பூட்டை நீக்க முனைபவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றே: இது எந்தத் தரவைக் காக்கிறது? பெரும்பூட்டு இதற்கு விடை சொல்லாது. அது தரவைக் காக்கவில்லை, நிரலைக் காத்தது. லினக்ஸின் காணொளிப் பிரிவினர் ஒவ்வொரு காணொளிச் சாதனத்துக்கும் தனிப்பூட்டு ஒன்றை வைத்துக்கொள்ள வழி செய்தனர். பின்னர் வந்த வீடியோபஃப்2 நூலகம், காத்திருக்கும் முன் பூட்டைத் திறப்பதற்கும் காத்து முடிந்தபின் பூட்டுவதற்கும் இரண்டு செயற்கூறுகளைத் தனியே கேட்டது. முன்பு ஒளிந்திருந்த வசதி இப்போது பெயர் பெற்று வெளியே தெரிந்தது. பெரும்பூட்டின் கதையில் உண்மையான ஆக்கம் இதுதான்.

எல்லா இயக்கிகளுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. பல இயக்கிகளில் பெரும்பூட்டுக்குப் பதிலாக, அந்தந்தக் கோப்புக்குள் அடங்கிய ஒரு மியூடெக்ஸ் தானியங்கி முறையில் புகுத்தப்பட்டது. பெரும்பூட்டை ஒழிக்க அதுவே விரைவான வழி. செய்தவர்களைக் குறை கூற இயலாது. ஆயினும் அங்கெல்லாம் கேள்வி விடை பெறவில்லை, ஒத்திவைக்கப்பட்டது. பெயர் மாறிய பூட்டு, என்ன காக்கிறோம் என்று தெரியாமலே காவல் நிற்கிறது.

விடை கிடைக்காதபோது அதை ஒளிவின்றிச் சொல்வதே நேர்மை. இன்டெலின் ஐ810 வரைகலை இயக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தச் சில்லுத்தொகுதி பல செயலிகளுக்காக வடிவமைக்கப்பட்டதன்று. ஆகவே பூட்டை நீக்கியவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட செயலி இருந்தால் ஏற மறுக்குமாறு அந்த இயக்கியை அமைத்தனர். அதன் உறவான ஐ830 இயக்கி முழுவதுமே நீக்கப்பட்டது. அதன் வன்பொருளை ஐ915 இயக்கி ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருந்தது. ஐ810 இயக்கியும் 2023இல் வெளிவந்த 6.3 பதிப்பில் விடைபெற்றது.

நீக்கம் என்றால் பழைய சாதனங்களைக் குப்பைக்கு அனுப்புவது என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் வெறுங்கற்பனை அன்று. பழைய கேமராவை விட்டால் வேறில்லாதவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆனால் எஸ்இ401, சிபியா ஆகிய பழைய வெப்கேமரா இயக்கிகளுக்கு நேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். பழைய நிரல் ஓரம் கட்டப்பட்டு நீக்கப்பட்டது. அதே கேமராக்களுக்கு ஜிஎஸ்பிசிஏ என்னும் பொதுச் சட்டகத்தின் கீழ் புதிய இயக்கிகள் எழுதப்பட்டன. பூட்டும் திறப்பும் பொது நிரலின் பொறுப்பாக, கேமராவுக்கே உரிய பகுதி மட்டும் சிறு கோப்பாகச் சுருங்கிற்று. போனது நிரல், கேமரா பிழைத்தது. இது தற்செயலாக நடந்ததன்று. அந்தச் சில்லுகளைப் படித்தறிய ஒருவர் மனம்வைத்து உட்கார்ந்ததால் நடந்தது. அப்படி உட்காருவோரின் உழைப்பை வரிக்கணக்கில் அளந்தால் கிடைக்கும் விடை பெரும்பாலும் எதிர்மறை எண்ணாகவே இருக்கும்!

கெர்னலுக்கு வரும் திருத்தங்களைச் சோதிக்கும் செக்பேட்ச் என்னும் கருவி, குறிப்புரை இல்லாமல் அறிவிக்கப்படும் மியூடெக்ஸைச் சுட்டிக்காட்டக்கூடியது. ஆனால் பொதுவாக அதைக் கடுமுறையில் ஓட்டினால்தான் அந்தச் சுட்டல் கண்ணில் படும். காணொளி இயக்கிகளைப் பொறுத்தவரையிலாவது அதை எப்போதும் தெரியும் எச்சரிக்கையாக மாற்றலாம். எந்தெந்த மாறிகளைக் காக்கிறது, காத்திருக்கும்போது திறக்க வேண்டுமா என்று இரண்டு வரி எழுதாத பூட்டைப் பராமரிப்பாளர்கள் திருப்பி அனுப்பலாம். எழுதுபவருக்கு அன்று விடை தெரியும். கேட்டால் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுவார்.