குரங்கு விழுந்தது! குமாஸ்தா நிற்கிறான்!!

நாடக மேடையில் 20 அடி உயரத்துக்கு ஒரு ராட்சதக் குரங்கு வந்து நின்றால் எப்படி இருக்கும்? கூட்டம் அலைமோதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நியூயார்க் நாடக முதலாளிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

1933-ல் சினிமாவாக வந்த "கிங்காங்" கதையை 2018 நவம்பரில் அங்கே நாடகமாகப் போட்டார்கள். குரங்கின் எடை சுமார் 900 கிலோ! மொத்தச் செலவு ஏறக்குறைய 3½ கோடி டாலர்!

2019 ஆகஸ்டில் மூட்டை கட்டியாச்சு. ஒரு வருஷம்கூட ஓடவில்லை. போட்ட முதலும் வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிங்காங் கதையே இப்படிப்பட்ட முதலாளிகளைக் கேலி செய்கிற கதைதான். தீவில் இருந்த மிருகத்தைப் பிடித்து வந்து, சங்கிலி போட்டு மேடையில் நிறுத்தி, டிக்கெட் விற்கிறான் ஒருவன். அது சங்கிலியை அறுத்துக்கொண்டு கிளம்புகிறது. ஊரே அல்லோலகல்லோலம்! கதையைப் படித்துவிட்டும் அதே வேலையைச் செய்தால் யாரைச் சொல்லி நோவது?

கொம்பு ஒன்றா, இரண்டா?

அதே நியூயார்க்கில் 1961-ல் "காண்டாமிருகம்" என்று ஒரு நையாண்டி நாடகம் நடந்தது. எழுதியவர் ருமேனியாவில் பிறந்த அயனெஸ்கோ.

ஊருக்குள் காண்டாமிருகம் ஓடுகிறது. ஓர் அம்மாளின் பூனையை மிதித்துக் கொன்றுவிடுகிறது. என்ன செய்யலாம் என்று யாராவது யோசித்தார்களா? அதுதான் இல்லை. "அதுக்குக் கொம்பு ஒண்ணா, ரெண்டா?" என்று சண்டை போடுகிறார்கள்!

அப்புறம் மனிதர்களே ஒவ்வொருவராகக் காண்டாமிருகமாக மாறுகிறார்கள். ஆபீஸ் மேலதிகாரி மாறுகிறார். நண்பன் மாறுகிறான். காதலியும் கைவிட்டுப் போகிறாள். கடைசிவரை மாறாமல் நிற்பவன் ஒரே ஒருவன். குடிப்பழக்கம் உள்ள, நேரத்துக்கு எதையும் செய்யாத, சாதாரண குமாஸ்தா!

நண்பன் வேடத்தில் வந்தவர் ஜீரோ மாஸ்டல். முகமூடி இல்லை, ஒப்பனை மாற்றம் இல்லை. குரலாலும் உடம்பாலுமே ஜனங்களின் கண் முன்னால் மிருகமாக மாறினார். அந்த வருஷம் டோனி பரிசு அவருக்குத்தான்.

குற்றம் யார் மேல்?

குரங்கைக் குறை சொல்வது நியாயமில்லை. அதைச் செய்தவர்களுக்கும் 2019-ல் டோனி சிறப்புப் பரிசு கிடைத்தது. கயிற்றை இழுத்தும், மேலே தொற்றி ஏறியும் அதை ஆட்டி வைத்த கலைஞர்கள் இல்லாவிட்டால் அது வெறும் இரும்புச் சாமான். உயிர் கொடுத்தது மனுஷன்தான். முதலாளிகள் குரங்குக்குக் கொட்டிய காசில் கொஞ்சம் கதைக்கும் கவலைப்பட்டிருக்கலாம்.

பெரிய மிருகத்தைப் பார்க்க சினிமா போதும். நாடகத்துக்கு வருகிறவன் பார்ப்பது பத்தடி தூரத்தில் வியர்வை வழிய நிற்கும் மனிதனை. அவன் மாறினால் பகீர் என்கிறது. அதற்கு எந்த மோட்டாரும் தேவையில்லை.

அயனெஸ்கோ இதைச் சும்மா எழுதவில்லை. 1930-களில் ருமேனியாவில் தெரிந்தவர்களே ஒவ்வொருவராகப் பாசிஸ்டுகள் பக்கம் போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

ஊரோடு ஒத்து வாழ் என்பது பழமொழி. ஊரே கொம்பு முளைத்துத் திரிந்தால்? "நான் மாற மாட்டேன்" என்று நிற்க ஒரு குமாஸ்தாவாவது வேண்டும். அவனைக் காட்டுகிற வரையில் நாடகத்துக்குச் சாவு இல்லை!