மூன்றாவது கம்பி

டார்ச் விளக்கின் பேட்டரி தருவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். நம் இல்லங்களுக்கு வருவதோ மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாய் அலைவது. 230 வோல்ட் என்பது அதன் பயன்மதிப்பே. அலையின் உச்சியில் அது ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொடுகிறது!

பேஸ், நியூட்ரல் என்னும் இரு கம்பிகளால் மின்சுற்று நிறைவடைகிறது. நியூட்ரல் கம்பி மின்மாற்றியருகே பூமியுடன் இணைக்கப்பட்டுள்ளது. எனவே, தரையில் நிற்பவர் பேஸ் கம்பியை மட்டும் தொட்டாலும், அவர் உடல் வழியே சுற்று நிறைவடைந்துவிடும். உளூச் செய்த ஈரக் கையும் ஈரக் காலும் அதற்கு எளிய பாதை.

"ஃபியூஸ் இருக்கிறதே!" என்பீர்கள். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் உடலில் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 5 ஆம்பியர் ஃபியூஸ் அதை உணர்வதேயில்லை. அது காப்பது கம்பியை, மனிதரை அன்று.

கிரைண்டரின் உலோக உடலில் கசியும் மின்சாரத்தைப் பூமிக்குக் கொண்டுசெல்வது எர்த் என்னும் மூன்றாவது கம்பியே. அதனைத் துண்டித்து இரு முள் பிளக்கில் ஓட்டாதீர்கள். கசிவை உணர்ந்து கணத்தில் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்துங்கள். உயிர், அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அல்லவா?