குச்சிக்கு ஒரு காகிதச் சட்டை

சீனர் வீட்டுச் சாப்பாட்டுக் குச்சிகளை நீங்கள் அறிவீர்கள். ஜப்பானியர் குச்சி அதைவிடச் சற்றுக் குட்டை. நுனி கூராக இருக்கும். அதை உண்பவர் முன்னால் குறுக்காக, நுனி இடப்பக்கம் இருக்கும்படி வைப்பார்கள். வாயில் படும் அந்த நுனி மேசையில் படலாகாது. அதற்காகவே ஒரு சிறு தாங்கி. விருந்தென்றால் காகித உறையும் உண்டு. உறையை ஹாஷிபுக்குரோ என்றும், தாங்கியை ஹாஷியோக்கி என்றும் சொல்வார்கள். கத்தரியும் பசையும் இல்லாமலே இரண்டையும் மடித்துவிடலாம்.

முதலில் உறை. ஒருபக்கம் மட்டும் வண்ணமுள்ள 15 சென்டிமீட்டர் சதுரக் காகிதம் எடுங்கள். வண்ணப்பக்கம் கீழே இருக்கட்டும். நெடுக்காக மூன்று சமபாகமாக்கி, இடப்பாகத்தை முதலில் மடித்து, வலப்பாகத்தை அதன்மேல் மடியுங்கள். மேலே கிடக்கும் மடிப்பின் இடது மேல்மூலையை வலப்பக்கமாகச் சாய்த்து மடித்தால், உள்வெள்ளை தெரிந்து சட்டைக் கழுத்துப்பட்டை போல் அழகாக அமையும். அடியில் இரண்டு விரற்கடை அளவு பின்னுக்கு மடித்து அழுத்துங்கள். குச்சியை இரு மடிப்புகளுக்கும் அடியில் செருகுங்கள். அங்கே வெள்ளைப்பக்கமே குச்சியைத் தொடும். ஈரம் பட்டால் சில காகிதங்களில் சாயம் இறங்கும், தாய்மார்கள் கவனிக்க!

வலப்பாகம்தான் மேலே வரவேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. இது கிமோனோ உடையின் சாயல். உயிரோடிருப்பவர் அதை அணிந்தால், எதிரே நிற்பவர் கண்ணுக்கு வலப்பக்கத்து மடிப்பே மேலே தெரியும். மாற்றி உடுத்துவது இறந்தவருக்கு. மங்கல விருந்தில் உறையை மாற்றி மடித்துவைத்தால் விருந்தாளி முகம் என்னாகும்? குச்சியைச் சோற்றில் நட்டுவைப்பதும் அவர்களுக்கு ஆகாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். சாப்பிட்ட இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று நம் பாட்டிமார் அதட்டியது நினைவுக்கு வருகிறதல்லவா?

தாங்கி மிக எளிது. 15 சென்டிமீட்டர் நீளமும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலமும் வருமாறு வெள்ளைக் காகிதத்தைப் பட்டையாக மடியுங்கள். கயிற்றில் முடிச்சுப் போடுவதுபோல ஒரே முடிச்சு. கிழியாமல் மெல்ல இழுத்து, தட்டையாக அழுத்துங்கள். ஐங்கோணம் ஒன்று தானாக வந்து நிற்கும்! பிள்ளைகளைக் கோணங்களை அளக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் 108 பாகை இருக்கும். இரு வால்களையும் சற்று மேலே வளைத்துவிட்டால் குச்சி உருளாது.

ஜப்பானில் உணவுக்கடைக்குப் போகிறவர்கள், தாங்கி இல்லாவிட்டால் வெற்றுறையையே இப்படி முடிந்துகொள்வதுண்டு. சாப்பிட்டு முடிந்ததும் குச்சியை உறைக்குள் திரும்ப வைத்து நுனியை மடித்துவிடுவார்கள். பயன்படுத்திய குச்சி என்பது எடுத்து வைப்பவருக்குத் தெரிந்துவிடும்.