நான்கு நாள் ஆற்றில் கிடந்த நஞ்சு

மாண்புமிகு பினாங்கு முதலமைச்சர் அவர்களுக்கு,

நச்சு இரசாயனம் பற்றிய விதிகள் தாங்கள் அறியாதவை அல்ல. அவற்றை இங்கே அடுக்கப் போவதில்லை. மனுக்களால் நகராத காரியம் என்பதால் ஊரறியக் கேட்கிறேன். 2019 மார்ச் 7இல் ஜொகூர், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் ஆவி, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை வாந்தியிலும் மூச்சுத் திணறலிலும் தள்ளியது. கழிவு முழுதும் அகற்றப்படாமல் ஆற்றிலேயே கிடந்தது. நான்கு நாள் கழித்து, மார்ச் 11இல், இரண்டாவது முறையாக மக்கள் கூட்டங்கூட்டமாய் விழுந்தார்கள். 13ஆம் தேதி அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. சிகிச்சைக்குப் போனவர்கள் 2,700க்கும் மேல். கொட்டியவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தியது பிறகு. என் கேள்வி அந்த நான்கு நாட்களைப் பற்றியது: பினாங்கில் இப்படி நடந்தால், முதல் நாளே இறங்கி அகற்றச் சொல்லும் மாநிலச் சட்டம் எங்கே?

இது கூட்டரசின் பொறுப்பு என்பீர்கள். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் ஒரு கோடி வெள்ளியானது உண்மை. வரவேற்கிறேன். ஆனால் அபராதம், குற்றவாளி அகப்பட்ட பிறகு வருவது. திணறுகிற பிள்ளைக்கு அது மூச்சாகாது. நிலமும் நீரும் ஊராட்சியும் அரசியலமைப்பின்படி மாநிலத்தின் கையில் இருக்கின்றன. 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆறு மாசுபட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் இணைப்புகளில் நீர் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் சிலாங்கூர் தன் சட்டமன்றத்திலேயே நீர் நிர்வாகச் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தைப் பத்து லட்சம் வெள்ளி வரை உயர்த்தியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

முதலீடு போய்விடும் என்ற பேச்சு வேண்டாம். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையும் முதலீடுதான். அதன் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள். மேல்முறையீட்டில் வென்றும் நிறுவனம் 1994இல் ஆலையை மூடியது. துப்புரவுச் செலவு 10 கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டது. மூடி 17 ஆண்டுகள் ஆன பின்னும் வேலை முடியவில்லை. முன்கூட்டியே கறாராய் இருந்திருந்தால் அந்த நிறுவனத்துக்கே லாபம். ஆகவே, உரிமம் தரும்போதே துப்புரவுக்குப் பிணைத்தொகை வாங்குங்கள். எந்த ஆலையில் எந்த இரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று அருகிலுள்ள பள்ளிகளுக்குச் சொல்ல வையுங்கள். யார் கொட்டியது, யார் செலவு என்ற வழக்கெல்லாம் பிறகு, முதலில் அள்ளுங்கள். முதல் பாலத்தில் தீவுக்கு வரும் லாரிகள் கரையேறுவது கெலுகோரில்தான். சில கிலோமீட்டர் தெற்கே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. நடுவில் எங்கள் வீடுகள், பள்ளிகள். பிள்ளைகள் மயங்கி விழுந்த மறுநாள் மருத்துவமனைக்கு வந்து நீங்கள் சொல்லும் ஆறுதல் எங்களுக்கு வேண்டாம். இதற்கான மசோதா எந்தக் கூட்டத்தொடரில் வரும்? தேதியைச் சொல்லுங்கள்.

கெலுகோர் வாசி ஒருவர்