பாட்டிக்காக வண்டியை நிறுத்துங்கள்

தைப்பூசத்துக்குக் குளுவாங்கிலிருந்து பத்துமலைக்குக் குடும்பத்தோடு போயிருப்பீர்கள். ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலை ஏறினால், நெரிசல் இல்லாத நாளிலேயே சுமார் மூன்று மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் உங்கள் பாட்டி எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கவனித்தீர்களா?

ஒருமுறை என் பாட்டி ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. கேட்டபோது, "தாகம் எடுக்கலப்பா" என்றார். பத்துமலையில் தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான், "அடிக்கடி வண்டிய நிறுத்தச் சொல்ல சங்கடமா இருந்துச்சு" என்று மெல்லச் சொன்னார்.

அவர் சொன்ன இரண்டுமே உண்மை.

வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், 67 முதல் 75 வயதுவரையுள்ள ஆரோக்கியமான ஆண்களும் இளைஞர்களும் 24 மணி நேரம் தண்ணீரின்றி இருந்தார்கள். முதியவர்களுக்குத் தாகம் குறைவாகவே தெரிந்தது. பிறகு தண்ணீர் கொடுத்தபோதும் அவர்கள் குறைவாகவே குடித்தார்கள். முதுமையில் சிறுநீரகங்கள் நீரைச் சேமிக்கும் திறனும் குறைகிறது. ஆக, உடல் வறண்டாலும் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை.

இன்னோர் ஆபத்து கால்களில் இருக்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, நரம்புபோலத் தெரியும் சிரைகளில் உள்ள இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகிறது. அசையாமல் அமர்ந்தால் இரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்தக் கட்டி நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. 1940-இல் இலண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிடங்களில் இரவு முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்தவர்கள் சிலர் இப்படி இறந்ததை மருத்துவர் கீத் சிம்சன் பதிவு செய்தார். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த அபாயத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது என்று 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆரோக்கியமானவர்களில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் நேர்கிறது. எனவே பயம் வேண்டாம். ஆனால் வயதும் நோயும் சேரும்போது அபாயம் கூடும்.

"பாட்டி பிடிவாதம், தண்ணீரே குடிக்க மாட்டார்" என்று சொல்வது நியாயமில்லை என்பதே என் கருத்து. எங்கே நிறுத்துவது என்பதை வண்டி ஓட்டுபவரும் நாமும் முடிவு செய்கிறோம். பின்னிருக்கையில் இருப்பவர் பிறருக்குத் தொல்லை தரக்கூடாதென்று தாகத்தை அடக்குகிறார். சிலர் தண்ணீர் மாத்திரையையே அன்று விட்டுவிடுகிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் அப்படிச் செய்வது ஆபத்து.

நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. பாகோ, ஆயர் குரோ, சிரம்பான் ஓய்வுத் தளங்களில் நிற்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். இறங்கியதும் அவரோடு ஐந்து நிமிடம் நடங்கள். வண்டிக்குள் பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். இதய, சிறுநீரக நோய் உள்ளவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துகள் வெயிலில் கொதிக்கும் வண்டியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்; திடீரென மூச்சுத் திணறினால் 999-ஐ அழையுங்கள்.

அப்படியும் பாட்டி கேட்கத் தயங்கினால், "அப்பா, எனக்குக் கால் மரத்துப்போச்சு, கொஞ்சம் நிறுத்துங்க" என்று நீங்கள் சொல்லுங்கள். அவரும் உங்களோடு இறங்கிவிடுவார்.