முதல் தகவலை யார் எழுதுவது?

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்தால் நமக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடும். பிளஸ் டூ முடித்த தம்பிகளும் தங்கைகளும் கேட்பார்கள்: "அண்ணா, சட்டமும் ஊடகவியலும் ஒன்றாக அஞ்சு வருஷப் படிப்பாம். சேரலாமா?" அவர்கள் அனுப்பும் விளம்பரத்தில் கறுப்புக் கோட்டு போட்ட பையன் ஒருவன் கையில் மைக்கோடு சிரித்துக்கொண்டிருப்பான். கீழே சம்பளக் கணக்கு இருக்கும். நிறுவனங்களின் சட்டப் பிரிவு, காப்புரிமை, பொழுதுபோக்குத் துறை ஒப்பந்தங்கள் என்று பட்டியலும் இருக்கும்.

சேருங்கள் என்றுதான் நாம் சொல்கிறோம். ஆனால் அந்த விளம்பரம் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

நம் தெருவில் ஒரு பையன் அடிபட்டால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காவல் நிலையத்துக்குப் போகிறோம். அங்கே ரைட்டர் எழுதுகிறார். நாம் சொன்னது சாதிப் பெயர் சொல்லி அடித்தது. அவர் எழுதியது முன்விரோதம். பல நேரம் அதுகூட இல்லை, கையில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாலையில் பகுதி நேர நிருபர் அதே நிலையத்துக்கு வருகிறார், ரைட்டர் எழுதியதைப் பார்த்துச் செய்தி அனுப்புகிறார். மறுநாள் காலை நாளிதழில், "இரு தரப்பினரிடையே மோதல்". அதற்குள் நம் பையன் மீது எதிர்வழக்கு பதிவாகியிருக்கும். செய்தியில் இரு தரப்பு என்று வந்துவிட்டதால் வழக்கிலும் இரு தரப்பு ஆகிவிடுகிறது.

முதல் தகவல் அறிக்கை என்பதன் பொருளைக் கவனியுங்கள். சட்டக் கல்லூரியில் அது வழக்கின் தொடக்கம். ஊடகத் துறையில் அது செய்தியின் தொடக்கம். இரண்டும் ஒரே மேசையில், ஒரே பேனாவில் எழுதப்படுகின்றன. அந்தப் பேனா நம் கையில் இல்லை. இந்த இரண்டு படிப்பும் நமக்குச் சேர்ந்தே வேண்டும் என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இது புதிய யோசனையும் அல்ல. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதே மனிதர்தான் 1924இல் சென்னை சட்டமன்றத்தில், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட 'கேசரி' மறுத்தது. 1927 மார்ச் 20 அன்று மகத் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்தார். இரண்டே வாரத்தில், ஏப்ரல் 3 அன்று, 'பகிஷ்கிருத் பாரத்' வெளிவந்தது. குளத்தின் மீதான உரிமையியல் வழக்கோ பத்து ஆண்டு நடந்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில்தான் வென்றது. பத்து ஆண்டு நடக்கும் வழக்கை மக்கள் மறக்காமல் இருக்கப் பத்திரிகை வேண்டும், பத்திரிகையில் எழுதியது நிலைக்க வழக்கு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1926இல் பார்ப்பன எதிர்ப்பு நூல் ஒன்றுக்காகப் பிராமணரல்லாத தலைவர்கள் மீது புனேயில் அவதூறு வழக்குப் போட்டபோது, அவர்களுக்காக வாதாடி வென்றவரும் அவரே.

இரண்டும் நம் கையில் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்குக் கயர்லாஞ்சி சாட்சி. 2006 செப்டம்பர் 29இல் ஒரே குடும்பத்தின் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். பெரிய ஊடகங்கள் பல வாரம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் சிலர் அதைக் கள்ள உறவுக் கதையாக எழுதினார்கள். நீதிமன்றம் கொலைக்குத் தண்டனை கொடுத்தது, ஆனால் வன்கொடுமை தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. செய்தியிலிருந்து சாதி முதலில் காணாமல் போனது, பிறகு தீர்ப்பிலிருந்தும் காணாமல் போனது.

மறுபக்கம் கோகுல்ராஜ் வழக்கு. 2015 ஜூனில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று காட்ட எல்லா ஏற்பாடும் செய்யப்பட்டிருந்தது. உடன் சென்ற தோழி பிறழ்சாட்சியானார். ஆனாலும் 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது, 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காரணங்களில் முதன்மையானது திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு. மனிதச் சாட்சியை மிரட்டலாம், பதிவை மிரட்ட முடியாது. ஆனால் அந்தப் பதிவை அழியாமல் எடுத்து, முறையான சான்றிதழோடு நீதிமன்றத்தில் நிற்கவைக்க ஆள் வேண்டும்.

இங்கே நம் தவறையும் பேசியாக வேண்டும். வடமாவட்டம் ஒன்றில் ஒரு தாக்குதலை நம் தம்பி ஒருவரே கைப்பேசியில் எடுத்தார். அன்றிரவே நாம் அதை வெட்டி, பாட்டுச் சேர்த்து, எழுத்து ஓடவிட்டுப் பரப்பினோம். ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். வழக்கு விசாரணைக்கு வந்தபோது மூலப் பதிவைக் கேட்டார்கள். அந்தக் கைப்பேசி விற்கப்பட்டிருந்தது. பாட்டுச் சேர்த்த காணொளியை எதிர்த்தரப்பு வழக்குரைஞர் பார்த்துச் சிரித்தார். நம் கோபம் உண்மைதான், சாட்சியம் மட்டும் நம் கையில் இல்லை.

மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு. கோப்பின் ஹேஷ் மதிப்பையும் இப்போது அதில் குறிப்பிட வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். நீதி கேட்டு நாம் பகிரும் படத்துக்கும் இது பொருந்தும். ஹாத்ரஸ் பெண்ணின் பெயரையும் படத்தையும் நல்ல எண்ணத்தோடு பகிர்ந்தவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்? இவற்றைச் சட்டம் மட்டும் படித்தவர் வழக்கு வந்த பிறகு சொல்வார். ஊடகம் மட்டும் படித்தவர் சொல்லவே மாட்டார். நமக்குச் சம்பவ இடத்திலேயே சொல்ல ஆள் தேவை.

"இரண்டையும் படித்தால் இரண்டிலும் அரைகுறை" என்கிறார்கள். வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்கிறது, பிறகெதற்கு இரண்டு என்றும் கேட்கிறார்கள். உண்மைதான், ஒரு கட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். செய்தி அறைக்குப் போகிறவருக்கு வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தெரிந்திருக்கட்டும். புகாரை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும், நகல் தர வேண்டும், மீறும் அதிகாரி மீதே வழக்கு என்கிறது அது. "இரு தரப்பு மோதல்" என்று எழுதும் முன் இதைச் செய்தார்களா என்று அவர் கேட்பார். நீதிமன்றத்துக்குப் போகிறவருக்கு ஊடகம் தெரிந்திருக்கட்டும். 2015 திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவு, இந்தச் சட்ட வழக்குகளின் நடவடிக்கைகள் காணொளியாகப் பதிவாக வேண்டும் என்கிறது. எத்தனை வழக்குகளில் நாம் அதைக் கேட்டிருக்கிறோம்?

அந்தக் கூடங்களில் நாம் எத்தனை பேர் இருக்கிறோம் என்பதையும் பாருங்கள். ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. 2018க்குப் பிறகு நியமிக்கப்பட்ட உயர்நீதிமன்ற நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை என்பது ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கிலிருந்தே தெரிகிறது. எழுதுகிற மேசையும் தீர்ப்புச் சொல்கிற மேசையும் அவர்களுடையவை. நாம் செய்தியாகவும் வழக்காகவும் மட்டுமே உள்ளே போகிறோம்.

இப்போது பணத்துக்கு வருவோம். இந்த இணைப்புப் படிப்பைப் பெரும்பாலும் தனியார்தான் விற்கிறார்கள், லட்சக்கணக்கில். கூலி வேலை செய்யும் நம் அம்மாக்களைக் கடனில் தள்ளிவிட்டு அங்கே போக வேண்டியதில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் மூன்றாண்டு இதழியல் அல்லது காட்சித் தொடர்பியல், பிறகு அரசுச் சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுச் சட்டம். ஓராண்டு கூடுதல், அவ்வளவுதான். ஐந்தாண்டுச் சட்டம் படித்துக்கொண்டிருப்பவர் பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வியில் ஊடகப் படிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். சட்டப் படிப்போடு வேறு படிப்பில் சேரத் தடைவிதிக்கும் பார் கவுன்சிலின் 2008 விதிகள் தொலைநிலைக் கல்விக்கு விலக்குத் தருகின்றன. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உங்கள் உரிமை. அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

ஆனால் தனிமனிதர் வழி தேடிக்கொள்வது மட்டும் போதாது. அம்பேத்கர் பெயரைத் தாங்கிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலம் இது. பத்திரிகையாளராகவும் வழக்கறிஞராகவும் வாழ்ந்தவரின் பெயரில் உள்ள அந்தப் பல்கலைக்கழகமே, சட்டமும் ஊடகவியலும் சேர்ந்த படிப்பை அரசுக் கட்டணத்தில், தமிழிலும் எழுதலாம் என்ற நிலையில் தரட்டும். வன்கொடுமை தடுப்புச் சட்டம் அதில் விருப்பப் பாடமாக அல்ல, கட்டாயப் பாடமாக இருக்கட்டும். மாணவர் அமைப்புகள் இதைக் கோரிக்கையாக எழுதுங்கள், துணைவேந்தர் மேசையில் வையுங்கள்.

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஊருக்கு ஒரு வாசிப்பு வட்டம் போதும். வாரம் ஒரு முதல் தகவல் அறிக்கையையும் அதே சம்பவத்தின் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நம் மக்கள் சொன்னதில் எந்தச் சொல் எங்கே தொலைந்தது என்று கோடு போடுங்கள். அடுத்த முறை நம் தெருவில் ஒருவர் அடிபட்டுக் காவல் நிலையத்துக்குப் போகும்போது, ரைட்டருக்கு எதிரே அந்தச் சொல்லைத் தொலைய விடாத ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அது நீங்களாக இருங்கள்.

ஜெய்பீம்.