மூடியும் உறங்காத திரை

மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டாற் போதும், திரை தானே அணைந்துவிடும் என்றெண்ணி அதனைப் பையினுள் வைப்பது நம் மாணாக்கர் பலரின் வழக்கம். சிறிது நேரத்தின் பின் எடுத்துப் பார்த்தால் பொறி சுடுகின்றது, மின்கலம் வற்றிவிட்டது, சேமியாது விட்ட கட்டுரையும் போயிற்று. உடனே, "திரை பழுதாகிவிட்டது, மாற்றவேண்டும்" என்று பெற்றோர் பணத்தை எண்ணத் தொடங்கவேண்டியதில்லை. இக்குறையில் திரையின் மீது குற்றமிருப்பது அரிது.

குளிர்ப்பெட்டியின் கதவை மூடுகையில் அது ஒரு சிறு முளையை அழுத்த, உள்விளக்கு அணைகின்றது. பழைய மடிக்கணினிகள் சிலவற்றிலும் பிணைச்சலின் அருகே அத்தகைய முளை இருந்ததுண்டு. இக்காலத்துப் பொறிகளிலோ மூடியின் விளிம்பினுள் ஒரு சிறு காந்தமும், கீழ்ப்பாகத்தில் அதனை உணரும் ஓர் உணரியும் மறைந்துள்ளன. பௌதிகம் பயிலும் மாணாக்கர்க்கு இவ்விடத்து ஒன்று சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. 1879ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த எட்வின் ஹோல் என்பார், மின்னோட்டம் செல்லும் மெல்லிய பொற்றகட்டைக் காந்தப் புலத்தில் வைத்தார். ஓட்டத்திற்குக் குறுக்கே மிகச் சிறியதோர் அழுத்த வேறுபாடு தோன்றக் கண்டார். நம் கணினிகள் பலவற்றின் உணரி தொழிற்படுவது அவர் கண்ட அவ்விளைவினாலேதான்.

ஆயினும் குளிர்ப்பெட்டிக்கும் கணினிக்கும் ஒரு வேற்றுமையுண்டு. முளை விளக்கைத் தானே அணைக்கின்றது. உணரியோ "மூடி சாத்தப்பட்டது" என்று செய்தி சொல்வதோடு நின்றுவிடுகின்றது. அதனைக் கேட்டு யாது செய்வதென்று தீர்மானிப்பது இயங்குதளம். ஆகவே, செய்தி போகவில்லையா, போன செய்தி பொருட்படுத்தப்படவில்லையா என்பதே நாம் முதலில் அறியவேண்டியது.

செலவில்லாத வழியைத் தொடக்கத்திற் பார்ப்போம். விண்டோஸ் கணினியாயின் கொன்ரோல் பனலில் 'பவர் ஒப்ஷன்ஸ்' என்னும் பகுதியைத் திறந்து, மூடியை மூடினால் யாது நிகழவேண்டும் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 'டூ நத்திங்' என்றிருப்பின் கணினி விழித்தேயிருக்கும். சில பொறிகளில் திரையும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதனை 'ஸ்லீப்' என மாற்றிவிடுக. மின்கலத்தில் இயங்கும்போதும், மின்னிணைப்பில் இருக்கும்போதும் என இரு தெரிவுகள் உள்ளன. ஒன்றை மாற்றி மற்றதை மறப்பவரே பெரும்பாலோர். வெளித்திரையொன்று இணைக்கப்பட்டிருந்தால், லினக்ஸ் கணினிகள் பல மூடியைப் பொருட்படுத்தாதிருக்குமாறே அமைக்கப்பட்டுள்ளன. அது பழுதன்று. அந்த இணைப்பை நீக்கிவிட்டுச் சோதித்தல் வேண்டும்.

இவையாவும் சரியாயிருந்தும் திரை அணையாவிடின், உணரியைச் சோதிக்கலாம். குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டும் அலங்காரக் காந்தமொன்று போதும். ஒலிபெருக்கியின் பெருங்காந்தத்தைக் கொண்டுவராதீர்கள்! திறந்த கணினியில் விசைப்பலகையைச் சூழ்ந்த விளிம்புகளில் அதனை மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் திரை சட்டென அணையுமாயின் உணரி நலமாயுள்ளது. மூடியிலுள்ள காந்தம் கழன்றிருக்கவேண்டும், அல்லது பிணைச்சல் தளர்ந்து மூடி விலகியிருக்கவேண்டும். எவ்விடத்தும் அணையாவிடின் உணரியையோ அதன் இணைப்பையோ ஐயுறலாம்.

திரையையோ அதன் சட்டத்தையோ மாற்றிய பின்னர் இக்குறை தோன்றியதாயின், பழைய சட்டத்திலிருந்த காந்தம் புதியதற்கு மாற்றப்படாது போயிருக்கக்கூடும். கடுகளவினதாகிய அப்பொருள் பழைய சட்டத்தோடு குப்பைக்குப் போய்விடுகின்றது. பழுதுபார்ப்பவரிடம் "காந்தம் உள்ளதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், உணரிக்கென்று வீண்செலவு செய்ய நேராது.

பழுது தீரும்வரை மூடியை நம்பாது, 'ஹைபர்னேற்' என்னும் தெரிவைக் கையாற் கொடுத்துவிட்டுக் கணினியைப் பையில் வைக்கலாம். நினைவகத்திலுள்ளதைத் தட்டில் எழுதிவிட்டு முற்றாக அணைவது அது. சாதாரண உறக்கத்தில் திரை இருண்டிருப்பினும் சில புதிய பொறிகள் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். பேருந்தில் நெடுந்தூரம் பயணஞ் செய்யும் பிள்ளைகள் மூடி நன்றாயிருக்கும் காலத்திலும் இவ்வாறே செய்வது நல்லதென்பது என் கருத்து.